கரண்ட் பில்லை ஆன்லைனில் ஒருமுறை கட்டுவது எப்படி? முதல்முறை கட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சித்தப்பா இருந்தவரை கரண்ட் பில் கட்டுவது சித்தியின் வேலையாக இருந்ததே இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சித்தப்பா அந்த வெள்ளை அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, சைக்கிளில் ஈபி ஆபீஸுக்குப் போய், வரிசையில் நின்று கட்டிவிட்டு வருவார். அவர் போன பிறகு முதல் பில் வந்தபோது சித்தி அட்டையை என்னிடம் நீட்டி, "இதை நீயே கட்டிரு ராசா" என்றார்.

கட்டியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் அடுத்த பில்லுக்கும் அதற்கடுத்த பில்லுக்கும் அவர் யாராவது வரட்டும் என்று காத்திருக்க வேண்டியிருக்கும். அதனால் அன்று மாலை பாளையங்கோட்டை வீட்டு வாசல் படியில் உட்கார்ந்து, அவர் போனிலேயே, அவர் விரலாலேயே கட்டவைத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுநடுவே அவர் கேட்ட கேள்விகள் நான் சொல்லிக்கொடுத்ததைவிட முக்கியமானவை. அவற்றையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது தமிழ்நாட்டு வீட்டு இணைப்புகளுக்கான வழிகாட்டி. கணக்குத் தொடங்காமல், மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாடு எதுவும் செய்யாமல், வந்திருக்கும் ஒரு பில்லை மட்டும் கட்டிவிட்டு வெளியே வருவது எப்படி என்பதுதான் விஷயம்.

முதலில் அட்டையை எடுங்கள்

போனைத் தொடுவதற்கு முன் வெள்ளை அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கெடுக்க வருபவர் ரீடிங் எழுதிவிட்டுப் போவாரே, அந்த மின் கட்டண அட்டை. அட்டை தொலைந்துபோயிருந்தால் பழைய ரசீதோ, ஈபியிலிருந்து வந்த பழைய குறுஞ்செய்தியோ போதும். நமக்கு வேண்டியது மின் இணைப்பு எண். சர்வீஸ் நம்பர், கன்ஸ்யூமர் நம்பர் என்றெல்லாம் சொல்வதும் இதைத்தான்.

இந்த எண்ணை நான்கு துண்டாகப் படித்தால் தப்பு வராது. முதல் இரண்டு இலக்கம் மண்டலம். சென்னை வடக்கு 01, விழுப்புரம் 02, கோவை 03, ஈரோடு 04, மதுரை 05, திருச்சி 06, திருநெல்வேலி 07, வேலூர் 08, சென்னை தெற்கு 09 என்று போகும். அடுத்த மூன்று இலக்கம் உங்கள் பகுதியின் பிரிவு அலுவலகம். அதற்கடுத்த மூன்று, அந்த அலுவலகத்துக்குள் உங்கள் தெரு எந்தப் பகிர்மானத்தில் வருகிறது என்பது. கடைசியில் மிஞ்சுவதுதான் உங்கள் வீட்டுக்கே உரிய எண். அது ஓர் இலக்கமாகவும் இருக்கலாம், நான்காகவும் இருக்கலாம். ஆகவே மொத்தம் 9 முதல் 12 இலக்கம் வரும். பக்கத்து வீட்டு எண்ணைவிட உங்கள் எண் ஓர் இலக்கம் குறைவாக இருந்தால் பதற வேண்டாம், அது சரியாகவே இருக்கலாம்.

பழைய அட்டைகளில் மண்டல எண் இல்லாமல் மீதி மட்டும் எழுதியிருப்பார்கள். சித்தியின் அட்டையும் அப்படித்தான் இருந்தது. அதை அப்படியே போட்டால் "தவறான எண்" என்றுதான் வரும். முன்னால் மண்டலத்தின் இரண்டு இலக்கத்தையும் சேர்த்துப் போடவேண்டும். சித்தி வீட்டுக்கு 07.

எண்ணைக் கண்டுபிடித்ததும் செய்யவேண்டிய ஒரு வேலை உண்டு. முழு எண்ணையும் அட்டையின் மேல் பேனாவால் பெரிதாக எழுதிவையுங்கள். இரண்டு மூன்று இலக்கத்துக்கு ஒரு கோடு போட்டுப் பிரித்து எழுதினால் படிக்கச் சுலபம். இந்த எண் ரகசியம் அல்ல. இதை வைத்து யாராலும் உங்கள் பணத்தை எடுக்க முடியாது.

பில் எப்போது வரும், எத்தனை நாளில் கட்டவேண்டும்?

வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். கணக்கெடுத்ததும் தொகையும் கடைசித் தேதியும், ஈபியில் பதிந்திருக்கும் கைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக வரும். பொதுவாக ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம். அதைத் தாண்டினால் இணைப்பைத் துண்டிக்கலாம். திரும்பக் கொடுக்க மறு இணைப்புக் கட்டணமும் சேர்ந்துகொள்ளும்.

இங்கேதான் பல குடும்பங்களில் ஒரு கோளாறு நடக்கிறது. ஈபியில் பதிந்திருப்பது இறந்துபோனவரின் எண்ணாக இருக்கும், அல்லது எப்போதோ விட்டுவிட்ட பழைய எண்ணாக இருக்கும். பில் வந்த செய்தி யாருக்கும் போய்ச் சேராது. சித்தி வீட்டில் சித்தப்பாவின் எண்தான் பதிந்திருந்தது. அந்த போன் அலமாரியில் அணைந்து கிடந்தது. உங்கள் வீட்டிலும் அப்படியென்றால், பில் கட்டி முடித்த கையோடு கைபேசி எண்ணை மாற்றிவிடுங்கள். மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்திலேயே அதற்கு வசதி இருக்கிறது. பிரிவு அலுவலகத்திலும் செய்து தருவார்கள்.

இன்னொன்று. 2016 முதல் வீடுகளுக்கு ஒவ்வொரு இரண்டு மாதக் கணக்கிலும் முதல் 100 யூனிட் இலவசம். தனியாக இருக்கும் வயதானவர் வீட்டில், ஏசி இல்லையென்றால், 100 யூனிட்டுக்குள்ளேயே முடிந்துபோக வாய்ப்பு உண்டு. அப்போது தொகை பூஜ்யம் என்று வரும். ஏதோ பிழை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப முயற்சி செய்ய வேண்டாம். கட்டவேண்டியது ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

தொகை எதிர்பார்த்ததைவிடத் திடீரென்று அதிகமாக இருந்தால் முதலில் யூனிட்டைப் பாருங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டியிருந்தால் கணக்குப் போடும் படிநிலையே மாறிவிடும்; குறைந்த விலையில் கிடைத்த கீழ்ப்படி யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கூடுதல் விலை விழும். 490 யூனிட்டுக்கும் 510 யூனிட்டுக்கும் நடுவே பில் குதிப்பதற்குக் காரணம் அதுதான். மே மாத வெயிலில் நிறைய வீடுகள் இந்தக் கோட்டைத் தாண்டுகின்றன.

எந்த வழியில் கட்டுவது?

வழி இரண்டு. ஈபியின் சொந்த இணையதளத்தில் "குயிக் பே" என்ற பக்கம் ஒன்று. கூகுள் பே, போன்பே, பேடிஎம், வங்கிச் செயலி போன்றவற்றின் மின்கட்டணப் பகுதி இன்னொன்று.

ஒருமுறை மட்டும் கட்டுபவருக்கு நான் குயிக் பேயைத்தான் சொல்வேன். அதில் பயனர் பெயர், கடவுச்சொல் எதுவும் வேண்டாம். உங்கள் எண்ணைச் சேமித்துவைத்துக்கொண்டு அடுத்த பில்லுக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்காது. பணம் நேராக ஈபி கணக்கில் ஏறுவதால் ரசீதும் அங்கேயே கிடைக்கும். யூபிஐ செயலி ஏற்கெனவே கைப்பழக்கமாக இருப்பவர்களுக்கு இரண்டாவது வழி சுலபம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இப்போதே தீர்த்துவிடலாம். தமிழ்நாடு மின்சார வாரியம் 1957-ல் தொடங்கியது. 2010-ல் அதைப் பிரித்தபோது நம் வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் வேலை டான்ஜெட்கோவுக்குப் போனது. 2024-ல் டான்ஜெட்கோவையும் பிரித்தார்கள். இப்போது நமக்கு பில் போடுவது டிஎன்பிடிசிஎல் என்ற தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். ஊரில் எல்லோருக்கும் அது இன்றும் ஈபிதான். செயலிகளிலும் ரசீதுகளிலும் இந்த மூன்று பெயரில் எது வேண்டுமானாலும் தென்படலாம். பெயர் மாறியிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், ஆனால் முன்னால் "தமிழ்நாடு" இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். செயலியில் எல்லா மாநில மின் நிறுவனங்களும் வரிசையாக நிற்கும்.

குயிக் பேயில் கட்டுவது

முதல் படி. போனின் உலாவியைத் திறந்து முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்: டிஎன்பிடிசிஎல், புள்ளி, ஓஆர்ஜி. எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில். தேடுபொறியில் "ஈபி பில்" என்று தேடி மேலே வருவதைத் தொட வேண்டாம். விளம்பரமாக வரும் பக்கங்களும் அங்கே கலந்திருக்கும். தளத்தில் குயிக் பே என்ற இணைப்பைத் தொட்டால், பணம் கட்டும் பக்கம் டிஎன்இபிநெட், புள்ளி, ஓஆர்ஜி என்ற முகவரியில் திறக்கும். அதுவும் ஈபியுடையதுதான். "முகவரி மாறிட்டே, இது வேற ஆளா?" என்று சித்தி கேட்டார். அப்படிக் கேட்பது நல்ல பழக்கம். இணைப்பு எண்ணைக் கேட்கும் பக்கம் இந்த இரண்டு முகவரியும் இல்லாமல் மூன்றாவது ஒன்றில் திறந்தால் மூடிவிடுங்கள்.

இரண்டாம் படி. இணைப்பு எண்ணை இடைவெளி, கோடு எதுவும் இல்லாமல் போடுங்கள். கீழே கோணலாக எழுதிய எழுத்துகள் ஒரு பெட்டியில் தெரியும்; கட்டுவது மனிதர்தானா என்று சோதிக்க வைத்திருப்பது. அதைப் பார்த்து அப்படியே போடுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்கவும். புரியவில்லையென்றால் பக்கத்திலிருக்கும் சுற்று அம்புக்குறியைத் தொட்டால் வேறு எழுத்துகள் வரும். கைபேசி எண் கேட்டால் உங்கள் கையில் இருக்கும் போனின் எண்ணைக் கொடுங்கள்.

மூன்றாம் படி. இங்கே நிறுத்துங்கள். கையைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

திரையில் இப்போது ஒரு பெயர் தெரியும். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயர். பக்கத்தில் தொகையும் கடைசித் தேதியும் இருக்கும். அந்தப் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். சில இடங்களில் நடுவில் சில எழுத்துகளை மறைத்துக் காட்டுவார்கள். முதல் எழுத்தும் கடைசி எழுத்துமாவது பொருந்தவேண்டும். பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கலாம். உங்கள் பெயராக இல்லாமலும் இருக்கலாம். வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் பெயர், பரம்பரை வீடென்றால் தாத்தா பெயர்கூட இருக்கும். அது பரவாயில்லை. யார் பெயர் இருக்கவேண்டுமோ அவர் பெயர்தானா என்பதே கேள்வி. பிறகு தொகையை அட்டையில் எழுதியிருக்கும் தொகையோடு ஒத்துப்பாருங்கள்.

திரையில் சித்தப்பாவின் பெயர் வந்தபோது சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஒருமுறை நானே இந்த இடத்தில் நிற்காமல் போய்விட்டேன். பக்கத்து வீட்டு அண்ணன் எண்ணைப் போனில் சொல்ல, கடைசி இலக்கத்தை மாற்றிப் போட்டுவிட்டேன். ஒரே தெருவில் இணைப்பு எண்கள் அடுத்தடுத்து இருப்பதால் அந்த எண்ணிலும் ஒரு வீடு இருந்தது, அங்கேயும் ஒரு பில் பாக்கி இருந்தது. பெயரைப் பார்க்காமல் கட்டிவிட்டேன். பணம் தவறிப்போகவில்லை, வேறொருவர் பில்லுக்கு முறையாகக் கட்டப்பட்டுவிட்டது. அதனால் வங்கியிடம் திருப்பிக் கேட்கவும் வழியில்லை, வங்கியைப் பொறுத்தவரை அது வெற்றிகரமாக முடிந்த பரிவர்த்தனை. நல்லவேளை, அந்த வீடு நான்கு வாசல் தள்ளி இருந்தது. போய்ச் சொன்னதும் அந்த அம்மா ரசீதைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். ஊர் தெரியாத வீடாக இருந்திருந்தால் பிரிவு அலுவலகத்துக்கு ரசீதோடு கடிதம் எழுதிக் காத்திருக்கவேண்டியிருக்கும். பெயரைப் படிக்க மூன்று விநாடிதான் ஆகும்.

நான்காம் படி. தொகையின் பக்கத்தில் "சிசி" என்று இருந்தால் குழம்ப வேண்டாம். நீங்கள் செலவழித்த மின்சாரத்துக்கான கட்டணம் அது. கூடுதல் வைப்புத்தொகை போன்றவை கேட்டிருந்தால் அவை தனி வரியாக இருக்கும். சரிபார்த்துவிட்டு, பணம் கட்டும் பொத்தானைத் தொடுங்கள்.

ஐந்தாம் படி. எதில் கட்டுகிறீர்கள் என்று கேட்கும்: யூபிஐ, டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு, நெட் பேங்கிங். யூபிஐ இருந்தால் அதையே எடுங்கள். கார்டு என்றால், கடைசியில் உறுதிசெய்யும் முன் மொத்தத் தொகையை ஒருமுறை பாருங்கள். கூடுதல் கட்டணம் இருந்தால் அங்கே தெரியும். புதிதாக வந்த டெபிட் கார்டில் முதல்முறை கட்டினால் நிராகரிக்கப்படலாம். 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகள் ஏடிஎம்மிலும் கடை இயந்திரத்திலும் மட்டும் வேலை செய்யும்படிதான் வரும். இணையப் பயன்பாட்டை நாம்தான் வங்கிச் செயலியிலோ கிளையிலோ சொல்லித் திறக்கவேண்டும். கார்டில் கோளாறு இல்லை, கணக்கில் பணம் இல்லாமலும் இல்லை.

யூபிஐயையே அன்றுதான் புதிதாகத் தொடங்கினீர்கள் என்றால் இன்னொரு தடை. முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடாது. பில் அதைவிடப் பெரிதென்றால் மறுநாள் கட்டுங்கள். இதனால்தான் கடைசித் தேதியன்று கற்றுக்கொள்ளத் தொடங்கக் கூடாது என்கிறேன்.

ஆறாம் படி. யூபிஐ ரகசிய எண்ணையோ, வங்கியிலிருந்து வரும் ஓடிபியையோ நீங்களே போடுங்கள். போட்ட பிறகு திரை சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த நேரத்தில் பின்னால் போகும் பொத்தானைத் தொடக் கூடாது, பக்கத்தைப் புதுப்பிக்கக் கூடாது. வங்கிப் பக்கத்திலிருந்து ஈபி பக்கத்துக்கு அது தானாகத் திரும்பி வரவேண்டும். யூபிஐ செயலி தனியாகத் திறந்து பணம் போய்விட்டது என்று சொன்னாலும், உலாவிக்குத் திரும்பி வந்து ஈபி பக்கம் "வெற்றி" என்று சொல்வதைப் பாருங்கள்.

ஏழாம் படி. ரசீது. பரிவர்த்தனை எண்ணோடு வரும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், இறக்கிக்கொள்ள வசதி இருந்தால் இறக்கிக்கொள்ளுங்கள். சித்திக்கு நான் இன்னொன்றும் சொன்னேன். வெள்ளை அட்டையில் அந்த மாத வரிக்குப் பக்கத்தில் கட்டிய தேதியையும் பரிவர்த்தனை எண்ணின் கடைசி ஆறு இலக்கத்தையும் எழுதச் சொன்னேன். போன் தொலையலாம், ஸ்கிரீன்ஷாட்டுகள் அழியலாம். சித்தப்பா பத்திரப்படுத்திய அட்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

யூபிஐ செயலியில் கட்டுவது

செயலியில் "பில் கட்டணம்" என்ற பகுதிக்குள் மின்சாரத்தைத் தேர்ந்தெடுத்து, தமிழ்நாட்டு நிறுவனத்தைத் தேடி, மண்டல எண்ணோடு சேர்த்து முழு இணைப்பு எண்ணைப் போட்டால் பெயரும் தொகையும் வரும். மூன்றாம் படியில் சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்தும்: பெயரைப் படியுங்கள். பிறகு ரகசிய எண். இது பாரத் பில் பே என்ற தேசிய ஏற்பாட்டின் வழியாகப் போகிறது. இப்போது பாரத் கனெக்ட் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். ரசீதில் அந்தப் பெயர் இருந்தால் சரியான வழியில்தான் போயிருக்கிறது.

கவனிக்கவேண்டியவை இரண்டு. சில செயலிகள் சேவைக் கட்டணம் என்று கொஞ்சம் சேர்க்கும். கடைசித் திரையில் தொகை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், "தானாகக் கட்டவா?" என்று கேட்கும். ஒருமுறை மட்டும் கட்டுபவர்கள் அதை மறுத்துவிடுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். வீட்டைக் காலிசெய்த பிறகும் உங்கள் கணக்கிலிருந்து அடுத்த குடித்தனக்காரரின் பில் போய்க்கொண்டிருக்கும். தெரியாமல் சம்மதித்திருந்தால் செயலியின் ஆட்டோபே பகுதியில் போய் ரத்து செய்யலாம்.

செயலியில் கட்டியது ஈபி பக்கத்தில் தெரிய சில சமயம் ஒரு நாள் ஆகும். கடைசித் தேதி இன்று என்றால் குயிக் பேயே மேல்.

பணம் போய்விட்டது, பில் அப்படியே இருக்கிறது

முதல்முறை கட்டுபவர்களுக்கு வயிற்றைக் கலக்குவது இதுதான். வங்கியிலிருந்து பணம் எடுக்கப்பட்ட செய்தி வந்துவிடும். ஈபி பக்கம் தோல்வி என்று சொல்லும், அல்லது ஒன்றும் சொல்லாமல் நின்றுபோகும். உடனே இன்னொருமுறை கட்டத்தான் கை போகும். வேண்டாம்.

அரை மணி நேரம் விட்டுவிட்டு, அதே இணைப்பு எண்ணைப் போட்டு மறுபடி பாருங்கள். பாக்கி இல்லை என்று வந்தால் பணம் சேர்ந்துவிட்டது, ரசீதுதான் வரவில்லை. பாக்கி இன்னும் காட்டினால் யூபிஐ செயலியின் வரலாற்றுக்குப் போய் அந்தப் பரிவர்த்தனையைத் திறங்கள். 12 இலக்கத்தில் ஒரு குறிப்பு எண் இருக்கும். அதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், ஈபியோ வங்கியோ, யாரிடம் பேசினாலும் அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

பணம் ஈபியைச் சேரவில்லையென்றால் அது தானாகத் திரும்பி வரவேண்டும். ரிசர்வ் வங்கி 2019-ல் இதற்குக் கெடு விதித்திருக்கிறது. யூபிஐயிலோ கார்டிலோ ஒரு நிறுவனத்துக்குக் கட்டியது அங்கே உறுதியாகாமல் போனால், கட்டிய நாளுக்கு அடுத்த ஐந்து நாளுக்குள் கணக்குக்குத் திரும்பவேண்டும். தவறினால் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. கேட்டு வாங்கவேண்டிய சலுகை அல்ல இது, உங்களுக்குச் சேரவேண்டியது. வங்கிக்குப் போகும்போது தெரிந்துவைத்துக்கொண்டு போங்கள்.

கடைசித் தேதி நெருங்கி, பணமும் திரும்பவில்லை என்றால், கையில் இருந்தால் மறுபடி கட்டிவிடுவதுதான் நல்லது. இருட்டில் உட்கார்ந்து ஐந்து நாள் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. இரண்டும் ஈபி கணக்கில் ஏறிவிட்டால் கூடுதல் தொகை அடுத்த பில்லில் கழிந்துவிடும்.

இன்றிரவு கரண்ட்டைத் துண்டிப்போம் என்று செய்தி வந்தால்

இதை எழுதாமல் இந்த வழிகாட்டியை முடிக்க எனக்கு மனமில்லை. பில் கட்டக் கற்றுக்கொள்ளும் வயதானவர்களைத்தான் இந்தத் திருடர்கள் குறிவைக்கிறார்கள்.

2022-ல் நாடு முழுக்க ஒரு குறுஞ்செய்தி சுற்றியது. போன மாத பில் எங்கள் கணக்கில் ஏறவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே எங்கள் அதிகாரியை இந்த எண்ணில் அழையுங்கள் என்று இருக்கும். இன்றும் வாட்ஸ்அப்பில் வேறுவேறு உருவத்தில் வருகிறது. அழைத்தால் மறுமுனையில் மரியாதையாகப் பேசுவார்கள். கணக்கைச் சரிசெய்ய ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். அது உங்கள் திரையை அவர்களுக்குக் காட்டும் செயலி. பிறகு சோதனைக்கு வெறும் 10 ரூபாய் கட்டுங்கள் என்பார்கள். நீங்கள் கார்டு எண், ரகசிய எண், ஓடிபி எல்லாம் போடுவதை அவர்கள் அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பத்து ரூபாய்க்குப் பின்னாலேயே மீதிப் பணமும் போய்விடும்.

சித்தியிடம் நான் சொன்னது இவ்வளவுதான். பில் பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள யாரையும் அழைக்கவேண்டாம். குயிக் பேயில் எண்ணைப் போட்டால் அதுவே சொல்லிவிடும். பாக்கி இல்லை என்று வந்தால் அந்தச் செய்தி பொய். ஈபி ஊழியர் யாரும் போனில் ஓடிபி கேட்கமாட்டார், செயலி இறக்கச் சொல்லமாட்டார், சொந்த எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்லமாட்டார். யூபிஐ ரகசிய எண் பணம் கொடுக்கவும் கணக்கில் இருப்பைப் பார்க்கவும்தான். பணம் வாங்க அதைப் போடவே தேவையில்லை. "பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் கேட்க மின்னகம் இருக்கிறது. 2021-ல் தொடங்கிய நுகர்வோர் சேவை மையம். எண் 94987 94987, எந்த நேரத்திலும் அழைக்கலாம். இந்த எண்ணைப் பெயர் போட்டு போனில் சேமித்துவிடுங்கள். சேவை எண்ணைத் தேடுபொறியில் தேட வேண்டாம், அங்கேயும் போலி எண்களை விதைத்துவைத்திருக்கிறார்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் சொல்லாமல் இருக்காதீர்கள். உடனே 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குக் கைமாறும் முன் நிறுத்திவைக்க முடிகிற நேரம் ரொம்பக் குறைவு.

அடுத்தவர் பில்லைக் கட்டும்போது

வெளியூரில் இருந்துகொண்டு பெற்றோர் வீட்டு பில்லைக் கட்டுபவர்களும் இதே வழியில் கட்டலாம். இணைப்பு எண் இருந்தால் யார் கணக்கிலிருந்தும் கட்டலாம். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்கிலிருந்துதான் என்ற கட்டாயம் இல்லை. சிங்கப்பூர், அமீரகம், கத்தார், பிரிட்டன் போன்ற சில நாடுகளில் இருப்பவர்கள், இந்திய வங்கியில் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான கணக்கு) இருந்தால், அந்த நாட்டுக் கைபேசி எண்ணிலேயே யூபிஐ வைத்துக்கொள்ள 2023-ல் அனுமதி வந்தது. உங்கள் வங்கி அதைக் கொடுக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டியதும் ரசீதை வீட்டுக்கு அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் அம்மா ஒருபக்கம் கவுண்டரில் போய் நிற்பார், தம்பி ஒருபக்கம் செயலியில் முயற்சி செய்துகொண்டிருப்பான். ஒரு வீட்டுக்கு ஒருவர் என்று பேசி வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டில் இப்போது அந்த ஒருவர் சித்திதான். போன பில்லுக்குக் கட்டி முடித்துவிட்டு ரசீதை எனக்கு அனுப்பியிருந்தார். கூடவே வெள்ளை அட்டையின் படமும். கடைசி வரியில் தேதியும் ஆறு இலக்கமும் அவர் கையெழுத்தில் இருந்தன.